மிச்சக் காற்று

கடலுக்கு அடியில் போய் இரண்டு முறை மூழ்கிவர 430 வெள்ளி கட்டியிருக்கிறேன் என்று சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றுதான். "அதுல என்னா மிச்சம்?"

அம்மா பீடோங்குக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் 26 வருடம் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டு. பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓட்டம். வெயில் ஏறியதும் வாளிகளைக் காண்டாவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு. பாலை ஊற்றிய பிறகு மங்கில் காய்ந்து ஒட்டியிருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதையும் விடமாட்டார். "காசு என்னா மரத்துலயா காய்க்குது?" என்று மற்ற வீட்டு அம்மாக்கள் கேட்பதை எங்கள் அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. மரத்திலிருந்துதான் வந்தது, சொட்டுச் சொட்டாக, அவருக்குத் தெரியும்.

ஆனால் கஞ்சர் இல்லை. சுங்கைப்பட்டாணி தைப்பூசத்துக்கு வருடா வருடம் தண்ணீர்ப் பந்தலுக்கு 200 வெள்ளி எடுத்து வைப்பார். பால்குடம், பூ, வாடகை வேன் எல்லாம் தனி. அதில் என்ன மிச்சம் என்று நான் கேட்டிருந்தால் அன்று சோறு கிடைத்திருக்காது. அதனால் அவர் கேள்வி காசைப் பற்றியது இல்லையோ என்று சந்தேகமாக இருந்தது. அடுத்த கேள்வியில் விஷயம் வெளியே வந்துவிட்டது.

"யாரு யாரு போறீங்க?"

"நான் மட்டும்."

"தனியாவா?"

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குரல் தெரியும். அங்கே தனியாகக் கிளம்பியவர்கள் இரண்டே வகை. கோபித்துக்கொண்டு போனவர்கள், கடனுக்குப் பயந்து போனவர்கள். சந்தோஷத்துக்காகத் தனியாகப் போகிறவனை எந்தக் கணக்கில் வைப்பது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. உண்மையில் எனக்கும் தெரியவில்லை. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

முதலில் நான் ஆசைப்பட்டது கரீபியக் கடலுக்கு. ஹோண்டுராஸுக்கு அருகே உத்திலா என்று ஒரு சின்னத் தீவு. முதுகுப்பையோடு தனியாக அலைகிறவர்களுக்கு அது பிரசித்தம், ஆழ்கடல் மூழ்கலை மலிவாகக் கற்றுக்கொள்ளலாம் என்பார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து அந்தக் காணொளிகளைப் பார்த்துக் கிடப்பேன். பயிற்சி மலிவுதான், விமான டிக்கெட் மலிவில்லை. ஆசை சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் கெடா மாநிலத்துக்குள்ளேயே வந்து நின்றது. போன வருடம் பெர்ஹெந்தியானில் நான்கு நாள் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கினேன். இந்த வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு பாயார் தீவு. கோலகெடாவில் பெர்ரி ஏறி லங்காவி, அங்கே 60 வெள்ளி அறையில் ஓர் இரவு, மறுநாள் காலையில் படகு. பாயார் தீவில் இரவு தங்க முடியாது. 1994இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது. மீன் பிடிக்கக் கூடாது, உடைந்து கிடக்கும் பவளத் துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. அம்மாவின் கேள்விக்குச் சட்டமே பதில் சொல்லிவிட்டது: மிச்சம் ஒன்றும் இல்லை.

கரீபியன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஓவியர் பால் கோகன் 1891இல் தஹித்திக்குப் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு முன் 1887இல், கரீபியக் கடலில் இருக்கும் மார்த்தினிக் தீவில் சில மாதங்கள் இருந்தார். அந்தத் தீவுக்கு 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைகள் வழியாகச் சுமார் 25,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள், பெரும்பாலும் தமிழர்கள், கரும்புத் தோட்டங்களுக்கு. மாரியம்மன் வழிபாடு இன்றும் அங்கே இருக்கிறது. கோகன் தன்னைத் தேடி அங்கே இறங்கியபோது நம்மவர்கள் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். என் பூட்டன் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியதும் அந்த வகைப் பயணம்தான், கடல் மட்டும் வேறு. 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலிகள் போவதை நிறுத்தியதோடு அந்த வழி அடைபட்டது. இத்தனை கடல் தாண்டிய குடும்பத்தில் நீச்சல் தெரிந்த முதல் ஆள் நான்தான்.

கோகனை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் 1976இல் 'அற அதிர்ஷ்டம்' பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அதில் ஒரு கோகன் வருகிறார். வரலாற்றுக் கோகன் இல்லை, அவரைப் போன்ற ஒருவர் என்று வில்லியம்ஸே சொல்லிவிடுகிறார். மனைவி மக்களை விட்டுவிட்டுத் தீவுக்குப் போகும் ஓவியர். அவர் செய்தது சரியா? வில்லியம்ஸ் சொல்வதைச் சுருக்கினால், அவரை நியாயப்படுத்தக்கூடியது ஏதாவது உண்டென்றால் அது அவருடைய வெற்றி மட்டுமே. படங்கள் உருப்படியாக வந்தால் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அவரிடம் ஏதோ இருக்கும். வராவிட்டால் ஒன்றும் இருக்காது. போகும்போது இது தெரியாது. (அப்படியே படங்கள் தேறினாலும், கைவிடப்பட்டவர்கள் குறை சொல்லக் கூடாது என்று ஆகிவிடாது.)

முதல் தடவை படித்தபோது சிரிப்பு வந்தது. கேம்பிரிட்ஜ் பேராசிரியரும் பீடோங் தோட்டத்து அம்மாவும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அதுல என்னா மிச்சம்? படம் வரையாத கோகனை என்ன செய்வது என்று இரண்டு பேரிடமும் பதில் இல்லை. போனான், பார்த்தான், வந்தான். அவ்வளவுதான். என் கேஸ் அதுதான்.

பீட்டர் சிங்கரையும் சொல்லாமல் விட முடியாது. 1972இல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு குழந்தை ஆழமில்லாத குளத்தில் மூழ்குகிறது. இறங்கினால் உடுப்பில் சேறு படும். அதற்காக இறங்காமல் இருப்போமா? மாட்டோம். அப்படியானால் தூரத்தில் பசியில் சாகும் குழந்தைக்கும் அதேதானே? என் 430 வெள்ளியை இந்தக் கேள்விக்கு முன் வைத்தால் அது தோற்றுப்போகும். மழுப்பமாட்டேன். ஆனால் சிங்கர் கணக்கில் அம்மாவின் பால்குடமும் பூவும் சேர்ந்தேதான் தோற்கும். அம்மாவின் குற்றச்சாட்டு வேறு. செலவு செய்தது தப்பில்லை, அதில் யாருக்கும் பங்கில்லை என்பதுதான் தப்பு. பந்தலில் ஊற்றிய மோர் யார் வயிற்றிலோ போய்ச் சேர்கிறது. கடலுக்கு அடியில் நான் பார்த்தது யாருக்குப் போய்ச் சேரும்?

இங்கே அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் அவரைச் சொல்லாமல் தத்துவம் பேசிக்கொண்டிருந்ததே ஒரு தந்திரம்தான்.

அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. செவ்வாயும் வியாழனும் அக்கா அழைத்துப்போவார், சனி என் முறை. பாயாருக்குப் போனது ஒரு சனிக்கிழமை. அக்கா ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்காமல் அம்மாவோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எஸ்பிஎம் முடித்த மாதமே தொழிற்சாலைக்குப் போனவர். நான் பொலிடெக்னிக் படித்தது அந்தக் காசில். ஒரே ஒரு தடவை கூட வேலை செய்பவர்களோடு கேமரன்மலைக்குப் போக 90 வெள்ளி முன்பணம் கட்டினார். கிளம்புவதற்கு முதல் நாள் எனக்கு டெங்கி. அவர் போகவில்லை, முன்பணமும் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எங்கேயும் பேர் கொடுக்கவே இல்லை.

ஆகவே நான் தனியாகப் போனேன் என்பது முழுப் பொய். தனியாகப் போகிற ஒவ்வொருத்தனுக்கும் பின்னால் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார். பயணக் குறிப்புகளில் அவர் பெயர் வருவதில்லை.

தண்ணீருக்கு அடியிலும் தனியாக விடமாட்டார்கள். தனியாக மூழ்குவதற்கென்று வேறு பயிற்சி இருக்கிறது. என்னைப் போன்ற சாதாரணச் சான்றிதழ்காரனுக்கு ஜோடி கட்டாயம். தனியாக வந்தவனை இன்னொரு தனியாளோடு சேர்த்துவிடுவார்கள். எனக்குக் கிடைத்தவர் அலோர்ஸ்டாரைச் சேர்ந்த சீனர், அறுபதை நெருங்கும் வயது. படகில் மலாயில் சொன்னார், "எனக்குக் காற்று சீக்கிரம் முடிஞ்சிரும், தம்பி. கோவிச்சுக்காதீங்க." நான் பரவாயில்லை என்றேன். மேலே இருக்கும்போது பரவாயில்லை என்பது எளிது.

இதன் கணக்கு தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும். பத்து மீட்டர் ஆழத்தில் ஒரு மூச்சுக்குச் செலவாகும் காற்று மேலே ஆவதைப்போல் இரண்டு மடங்கு. ஆழம் போகப்போகத் தொட்டி வேகமாகக் காலியாகும். 200 பாரில் தொடங்குவோம், 50 மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிட வேண்டும். பதற்றக்காரர்களும் புதியவர்களும் அதிகம் இழுப்பார்கள். அதனால் ஜோடியில் ஒருவருக்கு முதலில் தீரும். அப்போது விதி ஒன்றுதான்: குறைந்த காற்று உள்ளவர் மேலே போகும்போது மற்றவரும் போக வேண்டும். உன் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது பேச்சே இல்லை.

இரண்டாவது மூழ்கல். பன்னிரண்டு மீட்டர். காலையில் கலங்கலாக இருந்த தண்ணீர் தெளிந்திருந்தது. ஒரு பாறை இடுக்கில் கணவாய் ஒன்று நின்றது. சந்தையில் வெள்ளையாகச் செத்துக் கிடப்பதை மட்டுமே பார்த்திருக்கிறேன். உயிரோடு இருப்பது வேறு பிராணி. உடம்பு முழுக்கக் கோடுகள் ஓடின, மேகம் நகர்வதுபோல. பழுப்பு, சாம்பல், திடீரென்று மணல் நிறம். அது என்னைப் பார்த்தது. அந்த நேரம் பக்கவாட்டில் அவர் கையை முஷ்டி பிடித்து நெஞ்சில் வைத்துக் காட்டுவது கண்ணில் பட்டது. காற்று குறைவு. என் மானியில் 120.

நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

பத்து விநாடி இருக்கும். பதினைந்தாகவும் இருக்கலாம். கண் ஓரத்தில் அவர் தெரிந்தார், நான் கணவாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிறம், இன்னும் ஒரே ஒரு நிறம். அவர் சைகையைத் திரும்பக் காட்டவில்லை. என் காலைப் பிடித்து இழுக்கவும் இல்லை. பக்கத்தில் வந்து நின்று காத்திருந்தார். நான் பார்த்ததும் கட்டாயம் திரும்புவேன் என்று நினைத்திருக்க வேண்டும். திரும்பினேன். கட்டைவிரலை மேலே காட்டினேன், போகலாம் என்று. ஐந்து மீட்டரில் கயிற்றைப் பிடித்தபடி மூன்று நிமிடம் எதிரும் புதிருமாக நின்றோம். கண்ணாடி முகமூடிக்குள் அவர் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. அந்த மூன்று நிமிடம் எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. படகில் ஏறியதும் "தெரிமா காசே" என்றார். "சாமா சாமா" என்றேன்.

ஒன்றும் ஆகவில்லை. அவரிடம் இன்னும் 60 பாருக்கு மேல் இருந்தது, ஆபத்தில்லை. வில்லியம்ஸ் பாஷையில் எனக்கு அதிர்ஷ்டம். ஆனால் முடிவு நல்லபடியாக இருந்ததால் அந்தப் பத்து விநாடி சரியாகிவிடவில்லை. இந்த இடத்தில் வில்லியம்ஸை விட அம்மா பக்கம் சாய்கிறேன்.

அம்மா பக்கமும் முழுக்கச் சாய முடியவில்லை. குறைந்த காற்று உள்ளவர் எல்லோருக்கும் நேரம் குறிக்கட்டும் என்ற விதி உயிர் போகிற இடத்தில் சரி. அதில் விவாதமே வேண்டாம். நம் வீடுகளில் இந்த விதியைத் திருமணத்துக்கும் படிப்புக்கும் கேமரன்மலைக்கும் சேர்த்துப் போட்டுவிட்டோம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் எல்லோரும் மேலே வா. அப்பா குடித்தால் எல்லோரும் மேலே வா. அதுவும் எல்லோரும் வருவதில்லை, வழக்கமாக வருவது ஒருவர்தான், அக்கா. என் டெங்கிக்கு ஆஸ்பத்திரியில் தாதிகள் இருந்தார்கள், அம்மா இருந்தார். அக்கா கேமரனுக்குப் போயிருந்தால் நான் செத்திருக்கமாட்டேன். இதை நான் சொல்லலாமா என்பது வேறு கேள்வி. அவர் மேலே வந்ததால் பிழைத்தவன் சொல்கிற பேச்சு இது. இருந்தும் சொல்கிறேன், ஏனென்றால் அவர் சொல்லமாட்டார்.

எது உயிர் போகிற இடம், எது இல்லை என்று யார் பிரிப்பது? தண்ணீருக்குள் மானி இருக்கிறது, எண் காட்டுகிறது. வீட்டில் மானி இல்லை. கத்துகிறவருக்குக் காற்று குறைவு என்று எடுத்துக்கொள்கிறோம். கத்தாதவருக்கு எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. அன்று அக்காவின் தூக்கத்தைக் கடன் வாங்கித்தான் மூழ்கினேன், ஒரு வார்த்தை கேட்காமல். "சனிக்கிழமை பாத்துக்கறியாக்கா?" என்று கேட்டேன்தான். அவர் இல்லை என்று சொல்ல வழி வைக்காத மாதிரி கேட்டேன்.

இப்போது அடுத்த மாதம் ஒரு வாரம் செவ்வாய், வியாழன், சனி மூன்றும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேமரனுக்குப் பஸ் டிக்கெட் விலையும் பார்த்து வைத்தேன். அக்கா இன்னும் சரி என்று சொல்லவில்லை. "தனியா போயி நான் என்னா பண்ணுவேன்?" என்கிறார்.

அந்தப் பத்து விநாடியை அக்காவிடம் மட்டும் சொன்னேன். அம்மா தூங்கிய பிறகு, அடுப்படியில் அவர் தட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்போது.

"அப்புறம் மேல வந்தியா இல்லையா?"

"வந்தேன்."

குழாயை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தக் கணவாய் எவ்ளோ பெருசுடா இருந்துச்சு?"

கையை விரித்துக் காட்டினேன்.