தர்வியா நாளின் தண்ணீர்

துல்ஹஜ் பிறை 8-க்குத் 'தர்வியா நாள்' என்று பெயர். நீர் நிரப்பிக்கொள்ளும் நாள் என்பது அதன் கருத்து. அக்காலத்தில் அரஃபாத்தில் தண்ணீர் கிடையாது. ஆகவே ஹாஜிகள் அன்றே துருத்திகளை நிரப்பிக்கொண்டு புறப்படுவார்கள்.

2018-ல் அதே நாளில், மினாவில் ஹாஜிகளுக்குக் கித்மத் செய்யும் தொண்டர்களில் ஒருவனாக நின்றேன். அப்போது எனக்கு ஜித்தாவில் வேலை. வழி தவறியவர்களைக் கூடாரத்தில் சேர்ப்பதும் தண்ணீர் பாட்டில் கொடுப்பதும் எங்கள் பணி. பெட்டி பெட்டியாகக் கொடுத்தோம். அஸர் நேரத்துக்குள் பாதையெங்கும் பாட்டில்கள்! பாதி குடித்தவையும் உண்டு, ஒரு மிடறோடு எறிந்தவையும் உண்டு. நான் அதைக் கவனிக்கவே இல்லை. நன்மை சேர்க்கும் அவசரம்.

இஹ்ராம் உடையில் முதியவர் ஒருவர், நம் பக்கத்தவர்தாம், குனிந்து குனிந்து அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"விடுங்கள் ஹாஜியாரே, துப்புரவுக்கு ஆள் இருக்கிறது" என்றேன்.

"தம்பி, இந்த ஹரம் எல்லைக்குள் தானாக முளைத்த செடியை வெட்டக் கூடாது, புறாவை விரட்டக் கூடாது என்று ஹஜ்ரத் பாடம் சொன்னார்கள். செடியை வெட்டக் கூடாத மண்ணில் குப்பையைப் போடலாமா?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. இஹ்ராமில் இருப்பவர் வேண்டுமென்றே வேட்டைப் பிராணியைக் கொன்றால் ஈடு கொடுக்க வேண்டும் என்று திருக்குர்ஆனின் 5-வது அத்தியாயம் விதிக்கிறது. இச்சட்டங்களை நாமும் ஓதியவர்கள்தாம். எதற்கு எவ்வளவு ஈடு என்று கணக்குப் பார்த்தோம். அதிலுள்ள இரக்கத்தைப் பார்க்கவில்லை.

ஹாஜிகளுக்கு நீர் புகட்டுவது சிறிய காரியமல்ல. நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்கள், அந்தப் பணிக்காகவே மினாவின் இரவுகளை மக்காவில் கழிக்க நாயகத்திடம் அனுமதி பெற்றார்கள். அத்தகைய தண்ணீரைத் தரையில் கொட்ட நமக்கு அனுமதி தந்தது யார்?

நானும் ஒரு சாக்கை எடுத்து வந்தேன். மக்ரிபு வரை இருவரும் பொறுக்கினோம். பாட்டில்களில் மிஞ்சிய நீரைப் பெரியவர் ஒரு வாளியில் சேர்த்து, அதிலேயே ஒளுச் செய்தார். வாளியில் இன்னும் மிச்சம் இருந்தது! நாயகம் (ஸல்) அவர்கள் ஒளுவுக்குச் செலவிட்டது ஒரு 'முத்து'. இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு. நம் வீட்டுக் குழாயடியை நினைத்து எனக்கு வெட்கமாயிற்று.

ஹஜ்ஜுக்குச் செல்வோரை வழியனுப்பும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். ஊறுகாயும் மருந்தும் கட்டிக் கொடுக்கிறீர்கள். அவற்றோடு குப்பைக்கென ஒரு துணிப்பையும் வைத்தனுப்புங்கள்.