விழுப்புண்ணுக்கும் வரியா?

சில ஆண்டுகளுக்கு முன், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். வரவும் செலவும் அன்றைய பாடம். தத்தம் வீட்டு வரவினங்களை எழுதிவரப் பணித்தேன். டத்தோ கிராமாட் சாலையையொட்டிய தெருவொன்றிலிருந்து வரும் மாணவன் தந்தையின் சம்பளத்தை மட்டுமே எழுதியிருந்தான். அவனுடைய தாத்தா படைவீரராக இருந்தவர். 1968 முதல் 1989 வரை நீடித்த கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக் காலத்தில், தாய்லாந்து எல்லைக் காட்டில் கண்ணிவெடிக்கு ஒரு காலைக் கொடுத்தவர். அதன்பொருட்டு மாதந்தோறும் ஒரு தொகை பெறுபவர்.

"தாத்தாவின் பணத்தை ஏன் விட்டுவிட்டாய்?" என்றேன்.

"'அது வரவு இல்லடா, என் காலுடா' என்று தாத்தா சொல்லிவிட்டார், ஐயா."

உறுப்பை இழந்தவனுக்கு நாடு தரும் பணம் வருமானமா? இவ்வினா அன்று தொட்டு என்னை விடவில்லை.

வருமானம் என்பது யாது? உழைப்பின் பயனும் முதலின் வளர்ச்சியும் வருமானமாகும். பால் விற்ற காசு வருமானம். மாடு மாண்டதற்கு ஈடாகப் பெற்ற காசோ வருமானமாகாது. அது மாட்டின் மறுவடிவம். அதனைப் பெற்றவன் முன்னினும் செல்வனாகிவிடவில்லை. இழந்ததில் ஒரு பகுதியை மீட்டான், அவ்வளவே. காலுக்கு ஈடான பணமும் இத்தகையதே.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தனர். போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுத்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. அவன் குடும்பத்தார்க்கு 'உதிரப்பட்டி' என்னும் பெயரில் நிலம் வழங்கியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. வரி நீக்கிய நிலத்தை 'இறையிலி' என்றனர். இறை என்னும் சொல் அரசனையும் குறிக்கும், வரியையும் குறிக்கும். மன்னராட்சி முற்றும் அறமயமானது என்று நான் கூறவில்லை. ஆயினும், குருதிக்கு ஈடாகத் தந்ததைத் திரும்ப அளந்து கொள்வது இழுக்கு என்பதை அக்காலம் உணர்ந்திருந்தது.

இந்தியாவில் படைவீரரின் ஊன ஓய்வூதியத்திற்கு வரிவிலக்கு 1922ஆம் ஆண்டிலேயே, அயலார் ஆட்சியிலேயே, அறிவிக்கப்பட்டது. அவ்வோய்வூதியத்தில் சேவைக் கூறு, ஊனக் கூறு என இரண்டுண்டு. இரண்டுக்குமே விலக்கு உண்டென 2001 ஜூலையில் நேரடி வரிகள் வாரியம் தெளிவுபடுத்தியது. ஆனால் 2019 ஜூன் 24இல் அதே வாரியம் மற்றொரு சுற்றறிக்கை விடுத்தது. பணியால் விளைந்த ஊனத்தின் காரணமாக இடையிலேயே விடுவிக்கப்பட்டவர்க்கே விலக்கு என்றும், ஊனத்தோடு பணியாற்றி வயது முதிர்வால் ஓய்வுபெற்றவர்க்கு இல்லை என்றும் அது கூறியது. முன்னாள் வீரர்கள் வழக்காடினர். அவ்வாண்டு ஆகஸ்டில், அப்போதைய நிலையே தொடர வேண்டுமென உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது.

அரசின் வாதத்தையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். முழுப்பணி முடித்தவன் ஊதியத்தை இழக்கவில்லையே என்பது ஒன்று. விலக்கை நாடிச் சிலர் சிறு நோய்களையும் ஊனமாகக் காட்டுகின்றனர் என்பது மற்றொன்று. இரண்டும் புறக்கணிக்கத் தக்கன அல்ல. ஆயினும் முதல் வாதம் எங்கே கொண்டு செல்கிறது? அடிபட்டபின் வீடு திரும்பியவனுக்கு விலக்கு. அடிபட்டும் உடைகளையாது நின்றவனுக்கு வரி. கூடுதலாக உழைத்தவனே தண்டம் இறுக்கிறான்!

இரண்டாம் வாதத்திற்கு விடை எளிது. பொய்யரைக் கண்டறிய வேண்டிய இடம் மருத்துவக் குழுவே, வரி அலுவலகம் அன்று. ஒருவன் பொய்யன் எனின், முழுத்தொகையும் அவனுக்கு உரியதன்று. வரியை மட்டும் கழித்து எஞ்சியதை அவனிடமே விடுவது என்ன நீதி? அவன் மெய்யன் எனின், ஒரு காசும் கழித்தல் தகாது. வரி இவ்விருவரையும் பிரித்தறியாது.

அமெரிக்காவிலும் இத்தகைய பிழை நேர்ந்தது. காயமுற்று விடுவிக்கப்பட்ட வீரர்க்குரிய, வரிக்குட்படாத தொகையில் 1991 முதல் வரி பிடித்து வந்தனர். அதனைத் திருப்பித்தர 2016இல் சட்டம் இயற்றினர். 2018இல் 130,000க்கும் மேற்பட்டோர்க்குக் கடிதம் சென்றது. கால் நூற்றாண்டுக்குப் பின்னராயினும் பிழையை ஒப்புக்கொண்டது போற்றத்தக்கதே. நம் நாட்டின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும், உடல்நலக் குறைவால் பணி நீங்கியோரின் ஓய்வூதியத்திற்கு விலக்களிக்கிறது.

"வீரனுக்கு மட்டும் ஏன் இச்சலுகை? தோட்டத்தில் கையிழந்தவன் மனிதன் இல்லையா?" என்று கேட்போர் உளர். நல்ல வினா. இது சலுகை அன்று, அளவுகோல். அக்கோல் ஆலையிலும் தோட்டத்திலும் உறுப்பிழந்தார்க்கும் பொருந்தும். ஒருவர்க்குரியதை மற்றவர்க்கும் நீட்டுவதே சமன்மை. இருவரிடமிருந்தும் பறிப்பது சமன்மை ஆகாது.

அன்று அம்மாணவனின் ஏட்டில் 'சரி' என்றே குறியிட்டேன். கணக்காயர் எவரேனும் அதனைப் பிழை என்று கூறலாம். வீட்டுக்கு வருவன எல்லாம் வரவு ஆகா என்பதை, முப்பதாண்டு கணக்குக் கற்பித்த எனக்கு ஒரு கால் இழந்த முதியவர் கற்பித்தார்.