வாளியும் சரணாகதியும்

'எல்லாம் அவன் செயல் என்று சரணடைந்தபின் முயற்சி எதற்கு?' அன்பர்கள் அடிக்கடி எழுப்பும் ஐயம் இது. ஒரு படகின் கதையைக் கேளுங்கள்.

மைல்ஸ் ஸ்மீட்டன் அந்நாளைய இந்தியப் படையில் அதிகாரியாயிருந்தவர். அவரும் மனைவி பெரிலும் 'ட்ஸூ ஹாங்' என்னும் 46 அடிப் பாய்மரப் படகையே இல்லமாகக் கொண்டனர். ப்வே என்ற சயாமியப் பூனையும் உடன் வாழ்ந்தது. 1957 பிப்ரவரி 14 அன்று, ஹார்ன் முனையை நோக்கித் தென் பசிபிக்கில் செல்கையில், பேரலையொன்று படகைத் தலைகுப்புறப் புரட்டியது. சுக்கான் பிடித்திருந்த பெரிலின் பாதுகாப்புக் கயிறு அறுந்தது, கடலில் வீசப்பட்டார். பாய்மரங்கள் முறிந்தன, அறைக்குள் வெள்ளம். காயத்துடன் மேலே இழுக்கப்பட்ட அம்மையார் அழுது கொண்டிருக்கவில்லை, நீரிறைக்க முற்பட்டார். உடன் வந்த நண்பர் ஜான் கஸ்வெல் தச்சுவேலை அறிந்தவர், பிளவுகளை அடைத்தார். ஒருவாறு சிலி நாட்டுக் கரை சேர்ந்தனர். ப்வேயும் பிழைத்தது.

தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைச் சரணாகதிக்கு உவமையாகப் பெரியோர் கூறுவர். உண்மையே. ஆனால் ப்வேக்கு வாளி பிடிக்கும் கை இல்லை, பெரிலுக்கு இருந்தது. அந்தக் கையும் அவன் தந்ததன்றோ! இறைத்த நீரின் அளவு நம்முடையது. அடுத்த அலை அவனுடையது.

அவ்வாண்டின் இறுதியில் தம்பதியர் மீண்டும் புறப்பட்டனர். மீண்டும் படகு புரண்டது. பின்னர் மைல்ஸ் எழுதிய நூலுக்கு 'ஒருமுறை போதும்' என்று பொருள்படப் பெயரிட்டார். 1968இல் இருவரும் அம்முனையைச் சுற்றிக் கடந்தனர்.