அச்சத்திற்கு நாம் செய்யும் கடமை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வடகிழக்கில், ஏறத்தாழ 500 ஏக்கர் பரப்புள்ள மாட்டுப் பண்ணை ஒன்று உண்டு. 'ஸ்கின்வாக்கர் பண்ணை' என்பர். இனந்தெரியாத ஒளிகளைக் கண்டதாகவும், மாடுகள் சிதைந்து மாண்டு கிடந்ததாகவும் அங்கு வாழ்ந்த குடும்பத்தார் 1996இல் கூறினர். அவ்வாண்டே ராபர்ட் பிகலோ என்னும் செல்வர் அதனை வாங்கினார். அவர் நிறுவிய கழகத்தின் ஆய்வாளர் ஒளிப்படக் கருவிகளோடு ஆண்டுக்கணக்கில் கண்விழித்தனர். 2004இல் அக்கழகம் கலைந்தது. அறிவியல் இதழ்கள் ஏற்கத்தக்க சான்று கிட்டுவது அரிதாயிருந்ததென, ஆய்வை நடத்தியவரே 2005இல் வெளிவந்த நூலில் ஒப்புக்கொண்டார். எனினும் 2020இல் அப்பண்ணை தொலைக்காட்சித் தொடராயிற்று.

அஞ்சி வருபவருக்கு நாம் கடன்பட்டிருப்பது என்ன? நகைத்தால் அவரை இழிவு செய்கிறோம். ஆராயாது நம்பினால் அச்சத்தை வளர்க்கிறோம். காட்சியாக்கினால் அதை விற்கிறோம்.

தீய ஆவி உண்டென்று போதிக்கும் திருச்சபையே, ஒருவரை அது பிடித்துள்ளதென எளிதில் நம்பலாகாது என 1614ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலில் குருக்களைப் பணித்தது. நோயின் குறிகளைப் பிரித்தறியவும் கற்பித்தது. அத்தயக்கம் அவநம்பிக்கையன்று, அன்பு. பொய்யான விளக்கம், நொந்தவருக்குரிய மருந்தைத் தாமதப்படுத்தும் அல்லவா?

ஆகவே, வீட்டில் ஏதோ நடமாடுகிறதென்று நடுங்கி வருவோருக்கு முதலில் செவிகொடுப்போம். பின் அவ்வீட்டைச் சென்று பார்ப்போம், வேண்டுமாயின் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம், உடனிருந்து செபிப்போம். விளங்காதது எஞ்சினால், விளங்கவில்லை என்றே சொல்வோம். உண்மையின் ஆண்டவரை வழிபடுவோர்க்கு அச்சொல் இழுக்காகாது.