தராசில் நிற்கும் பிள்ளைகள்



நமக்குப் பெரிய படிப்பு இல்லை. ஊரில் மதரஸாவும் தொடக்கப் பள்ளியும் கண்டதோடு சரி. அதற்குப் பிறகு கண்டதெல்லாம் கடையும் கல்லாவும்தான். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை நடத்தி வருகிறோம். வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்வியைப் பற்றி எழுதக் கடைக்காரனுக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் கேட்கலாம். நிறுத்துக் கொடுப்பது நம் தொழில். நிறுப்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறோம்.

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வந்தன. அன்று பிற்பகல் கடைக்கு வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரிடமும் நாம் ஒரே கேள்வியைக் கேட்டோம்: “எத்தனை?”

அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். நான்கு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் எட்டு வரை ஓர் எண். நான்கையும் கூட்டினால் வருவதே பிள்ளையின் எண். நான்கு வந்தால் தலைசிறந்த முடிவு, முப்பத்திரண்டு கடைசி. எட்டு என்றும் பத்து என்றும் சொன்ன பிள்ளைகளுக்கு நாம் ஜாடியைத் திறந்து மிட்டாய் கொடுத்தோம்.

தினமும் ரொட்டி வாங்க வரும் ஒரு பையன் பதில் சொல்லாமல் ரொட்டியைக் கல்லாமேல் வைத்துவிட்டு நின்றான். பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். நாம் விடவில்லை. “சும்மா சொல்லு தம்பி, என்ன வெட்கம்?” என்றோம். “இருபத்தாறு, மாமா” என்றான். “பரவாயில்லை, பரவாயில்லை” என்றோம். அந்தப் பரவாயில்லையை நாம் எந்தக் குரலில் சொன்னோம் என்பது நமக்குத் தெரியும், அவனுக்கும் தெரிந்துவிட்டது. நம் கை ஜாடிப் பக்கம் போகவில்லை.

மறுநாள் முதல் அவன் வரவில்லை. ஒரு மாதம் கழித்து அவன் தாயார் வந்தபோது விசாரித்தோம். “நாலு புளோக் தள்ளியிருக்கும் கடைக்குப் போகிறான், பாய். மழை பெய்தாலும் அங்கேதான் போகிறான்” என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை இன்றுவரை நம் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருவன் நம் முகத்தைப் பார்க்க அஞ்சி மழையில் சுற்றிப் போகிறான் என்றால், நாம் கேட்டது நலம் விசாரிப்பா, அல்லது அவனைத் தராசில் ஏற்றி நாலு பேர் முன்னால் நிறுத்ததா?

பரீட்சையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இன்னார் மகன், இன்னாருக்கு வேண்டியவன் என்று பார்த்து இடம் கொடுப்பதைவிட, விடைத்தாளைப் பார்த்து இடம் கொடுப்பது ஆயிரம் பங்கு மேல். சிபாரிசுக்கு ஆளில்லாதவனுக்குப் பரீட்சைதான் சிபாரிசு. கடைச் சிப்பந்தியின் மகள் டாக்டராகவும், கப்பலில் மூட்டை தூக்கியவரின் பேரன் வக்கீலாகவும் வர முடிந்தது என்றால் அந்த வாசல் திறந்திருந்ததால்தான். நம் முன்னோர்களும் கல்வியின் அருமையை அறியாதவர்களல்லர். 1946ஆம் ஆண்டிலேயே தஞ்சோங் பகார் வட்டாரத்தில் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி, அது 1982 வரை நடந்தது. பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்ற ஆசை நமக்குப் புதிதன்று. அது குற்றமும் அன்று.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு 1960இல் வந்தது. பள்ளிப் படிப்பை முடிக்காமலே வெளியேறும் பிள்ளைகள் மிகுதியாக இருந்ததால், 1979இல் டாக்டர் கோ கெங் சுவீ தலைமையில் வெளிவந்த அறிக்கையை ஒட்டி, பிள்ளைகளை அவரவர் வேகத்துக்கு ஏற்பப் பிரித்துக் கற்பிக்கும் ஏற்பாடு வந்தது. நோக்கம் நல்லதுதான், நடுவில் நின்றுவிடுகிற பிள்ளைகளின் தொகையும் அதனால் குறைந்தது. ஆனால் விரைவுநிலை, வழக்கநிலை என்று வகுப்புக்கு வைத்த பெயர் நாளடைவில் பிள்ளைக்கு வைத்த பெயராயிற்று. வகுப்பின் பெயரைக் கேட்டுப் பிள்ளையை அளந்தோம். பிள்ளையை வைத்துப் பெற்றோரையும் அளந்தோம்.

இதை அரசாங்கமும் உணர்ந்தது என்றே சொல்லவேண்டும். 2012 முதல் முதல்நிலை பெற்ற மாணவர்களின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கல்வி அமைச்சு நிறுத்திற்று. ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணக்கிட்ட பழைய மதிப்பெண் முறை போய், 2021 முதல் அவனவன் எடுத்ததற்கு ஏற்ப எண் தரும் முறை வந்தது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகள் முதல் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளும் எடுக்கப்பட்டன. ஒரு பாடத்தில் வல்லவன் அதை உயர்ந்த நிலையிலும், மற்றொன்றைத் தனக்கு ஏற்ற நிலையிலும் படிக்கலாம்.

ஆகத் தராசை மாற்றிவிட்டார்கள். ஆனால் நம் கண் மாறியதா? புதிய முறை வந்த அன்றே புதிய எண்ணை எடுத்துக்கொண்டு பழைய கேள்வியைக் கேட்க ஆரம்பித்துவிட்டோம். பெயர்களைப் பத்திரிகையில் போடுவதை நிறுத்தினார்கள். கைத்தொலைபேசியில் நாமே போட்டுக்கொள்கிறோம்.

இன்னும் ஒன்று. தராசைத் தெரிந்தவன் முதலில் பார்ப்பது தட்டில் விரல் இருக்கிறதா என்பதை. 2023ஆம் ஆண்டுக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டுக் குடும்பங்கள் ஓராண்டில் டியூஷனுக்குச் செலவிட்ட தொகை ஏறத்தாழ 180 கோடி வெள்ளி. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முந்திய கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 140 கோடி. பணமுள்ள வீட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆசிரியர் வருகிறார். இல்லாத வீட்டில் மூத்த பிள்ளை இளையதைத் தூளியில் ஆட்டிக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதுகிறது. இரண்டு பிள்ளைகளும் ஒரே நாளில், ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகிறார்கள். வினாத்தாள் நேர்மையானது, தட்டில் விரல் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஆனால் முடிவு வந்ததும் வென்ற பிள்ளையைக் கெட்டிக்காரன் என்றும் தோற்ற பிள்ளையைச் சோம்பேறி என்றும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

கடைக்கு வரும் ஆசிரியர் ஒருவர் ஒரு விஷயம் சொன்னார். திறமைக்கே முதலிடம் என்கிற ஏற்பாட்டுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைப் பரப்பியவர் மைக்கேல் யங் என்ற ஆங்கிலேயராம். 1958இல் அவர் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பாராட்டி அல்ல, கேலியாக, எச்சரிக்கையாக. உலகம் அந்தப் பெயரைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டது. 2001இல், மறைவதற்கு முந்திய ஆண்டில், பத்திரிகையில் எழுதி அவர் அதற்காக வருந்தினார். அவர் அஞ்சியது இதுதான்: முற்காலத்தில் ஏழையாய்ப் பிறந்தவன் “இது என் குற்றமில்லை” என்று சொல்லி நிமிர்ந்து நிற்க முடிந்தது. இனிமேல் மேலே இருப்பவன் எல்லாம் தன் தகுதியால் வந்தது என்று எண்ணுவான். கீழே இருப்பவனும் தனக்குத் தகுதியில்லை என்று நம்பிவிடுவான். ஏழ்மையோடு அவமானமும் சேர்ந்துவிடும். நம் கடையில் ரொட்டியை வைத்துவிட்டு நின்ற பையனின் முகத்தில் அதைத்தான் கண்டோம் போலும்.

பிறர் குற்றத்தைப் பேசிவிட்டோம். இனி நம் குற்றத்தைப் பேசவேண்டும். நம் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். ஒரு மாலை கடையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். விடை தவறாக வந்தது. நாம் கோபத்தில், “படிக்காவிட்டால் இந்தக் கடையில்தான் நிற்கப்போகிறாய், தெரிந்துகொள்” என்றோம். அரிசி மூட்டையை அடுக்கிக்கொண்டிருந்த நம் சிப்பந்தி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் கை ஒரு கணம் நின்றதைக் கண்டோம். பத்து ஆண்டுகளாக நம்மோடு நிற்பவர். ஊரில் ஒரு குடும்பத்தையே தாங்குபவர். மகள் அவரையும் பார்த்தாள், நம்மையும் பார்த்தாள். “அத்தா, கடையில் நின்றால் தப்பா?” என்று கேட்டாள்.

என்ன பதில் சொல்வது? எந்தக் கடையின் வருமானத்தில் அவள் உடுத்துகிறாளோ, எந்தத் தொழிலை ஹலாலான தொழில் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமோ, அதையே தண்டனை என்று சொல்லி அவளைப் பயமுறுத்தினோம். அப்படியானால் நாம் அஞ்சுவது அவளுடைய எதிர்காலத்துக்கா, நம்முடைய அந்தஸ்துக்கா?

உண்மையைச் சொன்னால் இரண்டுக்கும்தான். வாடகை ஏறுகிறது, பேரங்காடிகள் பெருகுகின்றன, நம் கடை இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்று நமக்கே தெரியாது. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தம் மகன் தொடக்கக் கல்லூரியில் படிப்பதாகச் சொல்லும்போது, பதிலுக்குச் சொல்ல நமக்கும் ஏதாவது வேண்டுமே என்று தோன்றுகிறதே, அது பிள்ளையின் மேல் உள்ள பாசமன்று. நம் குறையை நிரப்பப் பிள்ளையை அனுப்புகிறோம். நமக்குக் கிடைக்காத மரியாதையை வாங்கி வா என்று பத்து வயதுப் பிள்ளையின் தலையில் கூடையை ஏற்றுகிறோம்.

பிள்ளை நமக்கு இறைவன் தந்த அமானிதம் என்று மேடையில் பேசுகிறோம். அமானிதம் என்றால் நம் சரக்கு அல்ல. லாபம் வராவிட்டால் முகம் சுளிக்க அது முதலீடும் அல்ல. தாம் வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டிக்கும் அத்தியாயம் ஒன்று திருக்குர்ஆனில் இருக்கிறது. எண்பத்து மூன்றாவது அத்தியாயம். மதரஸாவில் ஓதிய நாளில் அது வியாபாரிகளுக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்தோம். நம் பிள்ளை தோற்றால் உடம்பு சரியில்லை, வினாத்தாள் கடினம் என்று நிறைய அளக்கிறோம். அடுத்த வீட்டுப் பிள்ளை தோற்றால் “அவன் அவ்வளவுதான்” என்று குறைத்து அளக்கிறோம். இதுவும் அளவு மோசடிதானே?

“பேசுவது சுலபம் பாய், கம்பெனிக்காரன் சான்றிதழைத்தானே கேட்கிறான்?” என்று சிலர் சொல்வார்கள். மறுக்கவில்லை. நாமும் மகளுக்கு வாரம் ஒரு நாள் கணக்கு டியூஷன் வைத்திருக்கிறோம், நிறுத்தவில்லை. அவள் பரீட்சை நாளை நினைத்தால் இரவில் நமக்கும் தூக்கம் கெடுகிறது. முயற்சியைக் கைவிடச் சொல்பவன் மூடன். ஆனால் தராசு எதை நிறுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கடைத் தராசு அரிசியின் கனத்தைச் சொல்லும். சோற்றின் ருசியைச் சொல்லாது. பரீட்சையும் அப்படித்தான். நான்கு பாடங்களில் அந்த வாரத்தில் ஒரு பிள்ளை எவ்வளவு எழுதினான் என்பதைச் சொல்லும். பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுப்பவனா, மிச்சக் காசைச் சரியாகத் திருப்பித் தருபவனா என்பதைச் சொல்லாது. அந்த ரொட்டிப் பையன் ஒரு தடவை நாம் தவறுதலாகக் கூடக் கொடுத்த ஐந்து வெள்ளியை ஓடி வந்து திருப்பிக் கொடுத்தவன். அதற்கு எந்தத் தாளில் எண் போடுவது?

ஆகவே நாம் சில தீர்மானங்கள் செய்துகொண்டோம். முடிவு வரும் நாளில் எந்தப் பிள்ளையிடமும் எண்ணைக் கேட்பதில்லை. ஜாடி எல்லாருக்கும் திறந்திருக்கும். “கடையில்தான் நிற்பாய்” என்ற வார்த்தை நம் வாயிலிருந்து இனி வராது. சிப்பந்தியிடம் அன்றிரவே மன்னிப்புக் கேட்டோம்; அவர் சிரித்துக்கொண்டு, “எல்லாரும் சொல்வதுதானே, அண்ணே” என்றார். அது நமக்கு ஆறுதலாக இல்லை.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் பரிசளிப்பு விழாவில் கூடுதலாக மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை மேடைக்கு அழைக்கிறோம். அழைக்கவேண்டியதுதான், உழைத்த பிள்ளைக்கு மாலை போடாமல் இருப்பது நீதியன்று. ஆனால் அந்த ஆண்டு பரீட்சை எழுதிய நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் அனைவரையும் பெயர் சொல்லி அழைத்து, ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தால் என்ன? கூடுதல் செலவு ஒரு வேளை பிரியாணிச் செலவுக்குமேல் வராது. கீழே உட்கார்ந்து கை தட்டிவிட்டுப் போகும் பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தாம். நாளை சங்கத்தைத் தாங்கப்போவது மேடையேறிய பிள்ளைகளா, கீழே இருந்த பிள்ளைகளா என்பதை இன்று யார் அறிவார்?

அந்தப் பையன் இப்போது திரும்ப வருகிறான். நாம் எதையும் கேட்பதில்லை. உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடத்தை ஒரு படி மேலான நிலையில் படிப்பதாக அவனே ஒரு நாள் சொன்னான். மகிழ்ச்சிதான். ஆனால் அதைச் சொல்லாமல் வெறும் ரொட்டி மட்டும் வாங்கிப் போயிருந்தாலும் நமக்கு அதே மகிழ்ச்சி இருந்திருக்க வேண்டும். அவ்வளவு தூரம் நம் மனம் இன்னும் வரவில்லை, முயன்றுகொண்டிருக்கிறோம். நீங்களும் சிந்தியுங்கள்.