கரூர்க் காசு

மூன்று வருஷம் முன்னால், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய காசும் தபால்தலையும் விற்கும் கடையில் ஒரு ரோமானிய வெள்ளிக்காசு வாங்கினேன். விலை 320 சிங்கப்பூர் வெள்ளி. ஐரோப்பாவிலிருந்து வந்த அதே ரகக் காசு பக்கத்திலேயே 250க்கு இருந்தது. "இது மட்டும் ஏண்ணே கூட?" என்று கேட்டேன். "இது கரூர்ல எடுத்தது தம்பி, அமராவதி ஆத்து மணல்ல" என்றார். அப்பாவின் ஊர் கரூர். பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன்.

காசின் ஒரு பக்கம் அகஸ்டஸ். மறுபக்கம் அவர் தத்தெடுத்த பேரன்கள் கையஸும் லூசியஸும் கேடயங்களோடு நிற்கிறார்கள். இவர்கள்தான் என் வாரிசுகள் என்று பேரரசு முழுக்கச் சொல்வதற்காக அடித்த காசு. லூசியஸ் கி.பி. 2இல் செத்துப்போனான், கையஸ் கி.பி. 4இல். பட்டத்துக்கே வராத இரண்டு பையன்கள், மிளகு வாங்க வந்த கப்பல்களில் ஏறி நம் ஊருக்கு வந்திருக்கிறார்கள். இந்தியாவில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் இந்த ரகம் ரொம்ப அதிகம். இதைப் பார்த்து இங்கேயே போலிகளும் அடித்திருக்கிறார்கள்.

கொஞ்ச நாள் கழித்துத்தான் சட்டத்தைப் படித்தேன். மண்ணில் புதைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் வருஷச் சட்டம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்கிறது 1972ஆம் வருஷச் சட்டம். அப்படியானால் கடைக்காரர் சொன்னது பொய் என்றால் நான் ஏமாந்தவன். உண்மை என்றால் அநேகமாக உடந்தை. நான் 70 வெள்ளி கூடக் கொடுத்ததே அது உண்மையாக இருக்கட்டும் என்றுதான்.

"காசுதானே, சாமி சிலையா?" என்றான் நண்பன். இங்கே ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் ஆறரை லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய உமா பரமேசுவரி சிலை, அரியலூர் மாவட்டக் கோயிலில் திருடப்பட்டது என்று தெரியவந்து, 2015இல் இந்தியாவுக்குத் திரும்பியது. அந்தச் சிலைக்குத் திரும்பிப் போக ஒரு கோயில் இருந்தது. என் காசை எங்கே அனுப்புவது? எந்த ஆழத்தில், எந்தக் காசுகளோடு கிடந்தது என்பது மணலைச் சலித்த அன்றைக்கே தொலைந்துவிட்டது. நான் வேலை செய்யும் சிப் தொழிற்சாலையில், லாட் எண் தெரியாத வேஃபர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுவோம். வரலாறு என்று வந்ததும் அந்த ஒழுக்கம் எனக்கு மறந்துபோனது.

இதற்கு ஒரு பலமான எதிர்வாதம் இருக்கிறது. பெருவழுதி என்று தமிழ் பிராமியில் பொறித்த பாண்டியர் காசை அடையாளம் கண்டு வெளியிட்டவர் இரா. கிருஷ்ணமூர்த்தி. அவர் அடிப்படையில் ஒரு சேகரிப்பாளர். அவரைப் போன்றவர்கள் வாங்காமல் விட்டிருந்தால் பல காசுகள் உருக்குச் சட்டிக்குப் போயிருக்கும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் எடைபோட்டு, படம் பிடித்து, படித்து, புத்தகமாகப் போட்டார். நான் மேஜை டிராயரில் வைத்து, நண்பர்கள் வந்தால் காட்டினேன். காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் எந்த வேலையும் இல்லை. அதோடு, நான் கொடுத்த காசு அடுத்த முறை மணல் சலிக்கிறவருக்குக் கூலி.

அப்பாயியிடம் போனில் கேட்டேன். "ஆத்துல கெடந்தா ஆத்தோடதுடா. நீ ஏன் வாங்குன?" என்றார். அந்த இரண்டாவது கேள்விக்கு, 'நம்ம ஊர்க்காசு' என்ற ஆசையைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

விற்றால் இதே கதையை இன்னொருவன் தலையில் கட்டவேண்டும். அதனால் விற்கவில்லை. புதிதாக எதுவும் வாங்குவதும் இல்லை. காசோடு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன்: எடை, வாங்கிய தேதி, கொடுத்த விலை. கிடைத்த இடம் என்ற வரியில் முதலில் 'கரூர்' என்று எழுதியிருந்தேன். இப்போது அதை அடித்துவிட்டு 'கடைக்காரர் சொன்னது: கரூர்' என்று மாற்றியிருக்கிறேன்.