தெப்பம் தாண்டிய மாடு எங்கே போகிறது?

மாலை போட்டுக் கும்பிட்ட மாட்டை அடுத்த வாரமே சந்தையில் விற்றால், அந்தக் கும்பிடு பொய்யா?

தை பிறந்தாலே எனக்கு இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். எங்கள் கிணத்துக்கடவுப் பக்கம் மார்கழி கடைசி நாளில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வாசலிலும் தோட்டத்திலும் மாட்டுச்சாளையிலும் காப்புக் கட்டுவோம். தை 2-ஆம் தேதி பட்டிப் பொங்கல். மாட்டைக் கழுவி, கொம்புக்கு வண்ணம் பூசி, புதுக் கயிறு மாற்றுவோம். பட்டிக்குள் மண்ணும் சாணியும் குழைத்து வரப்புக் கட்டி, தண்ணீர் விட்டுச் சின்னதாக ஒரு தெப்பக்குளம் செய்வோம். பொங்கல் படைத்த பிறகு மாட்டை அந்தத் தெப்பத்தைத் தாண்டவிடுவோம். பட்டி பெருகட்டும், நோய்நொடி விலகட்டும் என்பதுதான் வேண்டுதல்.

பொள்ளாச்சி மாட்டுச்சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். இங்கிருந்து அரை மணி நேரத் தூரம். தெப்பம் தாண்டிய மாடுகளில் சில அங்கேயும் போகும். வாங்குவதற்குக் கேரளாவிலிருந்து ஆட்கள் வந்திருப்பார்கள். எதற்கு வாங்குகிறார்கள் என்று விற்பவருக்கும் தெரியும்.

சின்ன வயதில் அப்புச்சியிடம் கேட்டிருக்கிறேன். "ஏனுங் அப்புச்சி, போன வாரம் கும்பிட்டமே, இப்ப விக்கறீங்க?" கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "அது நமக்குச் செஞ்சதுக்குக் கும்பிட்டம் கண்ணு. நாம என்ன செய்யப் போறம்னு அப்பச் சொல்லலியே." மாட்டைக் கொடுத்துவிட்டுக் கயிற்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

கோயம்புத்தூரிலும் இப்போது பொங்கல் பெரிதாக நடக்கிறது. கல்லூரிகளில், ஐடி அலுவலகங்களில், அபார்ட்மென்ட் வாசல்களில் பானை, கரும்பு, உறியடி. சில இடங்களில் ஒரு மாட்டையும் வாடகைக்குக் கூட்டிவந்து நிறுத்துகிறார்கள். வேட்டி கட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதைக் கிண்டல் செய்வது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. அந்தச் சந்தோஷம் நிஜமானதுதான். அங்கே யாரும் எந்த மாட்டையும் விற்கப் போவதும் இல்லை. அப்படியென்றால் அவர்களுடைய நன்றிதான் சுத்தமானதா?

திருக்குறளில் 11-ஆம் அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றியறிதல். அங்கே 'நன்றி' என்றால் நாம் இன்று சொல்லும் 'தேங்க்ஸ்' கிடையாது. ஒருவர் நமக்குச் செய்த நன்மை. அதை அறிவதுதான் நம் வேலை. சொல்வது அப்புறம்.

அறியத் தொடங்கினால் கணக்கு மாறிவிடுகிறது. கன்று போட்டால்தான் பசு பால் தரும். காளைக்கன்று ஒரு காலத்தில் ஏருக்கும் கவலைக்கும் போனது. இன்று உழுவது டிராக்டர், தண்ணீர் இறைப்பது மோட்டார். சொட்டுப் பால் தராத உயிருக்கு வருஷம் முழுக்கத் தீவனம் போட, பாலை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தால் முடியாது. ஆக, நகரத்தில் விடிகாலையில் வந்து விழும் பால் பாக்கெட்டுக்கும் அந்தச் சந்தைக்கும் தொடர்பு உண்டு. விற்கிற பாவம் அப்புச்சி கையில் நின்றுவிடுகிறது. பால் மட்டும் நம் வீட்டுக்கு வருகிறது. நம் கை சுத்தமாக இருப்பது இன்னொருவர் கயிற்றை அவிழ்ப்பதால்தான்.

அதனால் அப்புச்சியின் கும்பிடு பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மாடு செய்ததும் அவருக்குத் தெரியும், பதிலுக்குத் தான் செய்ததும் தெரியும். இரண்டையும் தெரிந்துகொண்டே கும்பிட்டார்.

நகரத்தில் பொங்கல் வைக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வையுங்கள். காலையில் குடித்த காபிக்குப் பால் தந்த பசுவின் கன்று இப்போது எங்கே இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வையுங்கள். பொங்கல் கொஞ்சம் கசக்கும். கசக்கட்டும், காப்பில் வேப்பிலையும் சேர்த்துத்தானே கட்டுகிறோம்.